அலைக்குப் பின்னால் வரும் விலாங்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து ஆறுகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். செவர்ன் ஆற்றில் எழும் ஓத அலைக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி. அந்த ஆற்றங்கரை ஊர்க்காரி என்பதால் இரண்டு முறை படித்தேன். ஆனால் அலை மேல் பலகை போட்டுச் சறுக்குகிறவர்களோடு கட்டுரை முடிந்துவிட்டது. அலைக்குப் பிறகு வருவதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேல்ஸ் மலையில் பிறந்து 354 கிலோமீட்டர் ஓடும் செவர்ன், பெரும்பாலும் இங்கிலாந்து வழியாகவே கடலுக்குப் போகிறது. முகத்துவாரம் புனல் போன்ற வடிவம். கடலருகே உள்ள ஏவன்மவுத் பக்கம் சுமார் 8 கிலோமீட்டர் அகலமாக இருக்கும் நீர்ப்பரப்பு, மின்ஸ்டர்வொர்த் கிராமத்துக்கு வருவதற்குள் நூறு மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அட்லாண்டிக்கிலிருந்து ஏறும் ஓதத்துக்கு ஒதுங்க இடமில்லாமல், அலையாக எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடுகிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களில், அதிலும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய வாரங்களில்தான் பெரிய அலை வரும். 1955-இல் ஜாக் சர்ச்சில் என்ற ராணுவ அதிகாரி இதில் முதன்முதலாகச் சறுக்கிக் காட்டினார்.

அலை கடந்ததும் எல்லோரும் காரைக் கிளப்பிவிடுகிறார்கள். சரி, இன்னும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அதற்கப்புறமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறு மேல்நோக்கியே ஓடும். முறிந்த மரங்கள் எல்லாம் கடலை விட்டு உள்நாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கரை விளிம்பு வரை நீர் ஏறும்.

வசந்த காலத்தில் இந்த நீரோடுதான் விலாங்குக் குஞ்சுகள் வருகின்றன. இங்கே 'எல்வர்' என்பார்கள். அட்லாண்டிக்கின் நடுவே உள்ள சார்கசோ கடலில் பிறந்து, இரண்டு மூன்று வருடம் கடலோட்டத்தில் மிதந்து கரை சேரும்போது அவற்றின் நீளம் 7 செ.மீ. இருந்தால் அதிகம். கையில் ஏந்தினால் உடம்பு கண்ணாடியாக இருக்கும். இரண்டு கரும்புள்ளிக் கண்களும் முதுகெலும்புக் கோடும்தான் தெரியும். ஓதம் இறங்கத் தொடங்கியதும் அவை நடு ஆற்றை விட்டுக் கரையை ஒட்டி எதிர்நீச்சல் போடும். மீனவர்கள் இரவில் விளக்கோடு போய், நீண்ட கழியில் கட்டிய தொட்டில் வடிவ வலையை, வாய் கடல் பக்கம் பார்க்கும்படி கரையோரம் இறக்கிப் பிடிப்பார்கள். பன்றிக்கொழுப்பில் வதக்கி முட்டை ஊற்றிச் சாப்பிடுவது குளோஸ்டர் பக்கத்து வழக்கமாக இருந்தது. ஃப்ராம்ப்டன் கிராமத்தில் எல்வர் தின்னும் போட்டியே நடந்தது. ஏழைகளின் சாப்பாடாக இருந்தது, விலை ஏறி ஏற்றுமதிச் சரக்கானதும் உள்ளூர்த் தட்டிலிருந்து மறைந்தது.

1980-களிலிருந்து பார்த்தால் ஐரோப்பியக் கரைகளுக்கு வந்து சேரும் குஞ்சுகளின் வரத்து 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. இந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. உடனே எல்லோரும் வலைக்காரரைத்தான் கை காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உரிமம் இல்லாமல் யாரும் வலை இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வேண்டியதுதான். குஞ்சுகளைக் கடத்தி விற்பதற்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் படகுப் போக்குவரத்துக்காக 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே எழுப்பிய தடுப்பணைகளையும், சதுப்பு நிலங்களை வற்றடித்த வாய்க்கால் மதகுகளையும், பம்புகளையும் யார் கணக்கில் சேர்ப்பது? பிடிபடாமல் தப்பிய குஞ்சும் மதகுக் கதவில் முட்டி நின்றுவிட்டால் என்ன பயன்? நன்னீரில் பல வருடம் வளர்ந்தால்தானே முட்டையிடக் கடலுக்குத் திரும்ப முடியும்!

வழி இருக்கிறது. சாய்வான தொட்டியில் நார்க்குச்சங்களை நெருக்கமாகப் பதித்து மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டால், குஞ்சுகள் அந்த ஈர நார்களுக்குள் வளைந்து வளைந்து ஏறி அணையைத் தாண்டிவிடும். இப்படி வழி அமைக்கச் சொல்லி உரியவர்களுக்கு உத்தரவிட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009-லேயே விதிமுறை வந்துவிட்டது. வூஸ்டர் அருகே டிக்லிஸ் தடுப்பணையில், கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் ஷாட் என்ற மீன்களுக்காகப் பெரிய மீன்வழி கட்டி, மீன் ஏறுவதைத் தண்ணீருக்கடியில் கண்ணாடி வழியாகப் பார்க்கவும் வசதி செய்திருக்கிறார்கள். பெரிய அணைக்குச் செய்ததைச் சின்ன ஓடைகளின் மதகுகளுக்கும் செய்ய வேண்டும். விலாங்கின் வீடு அங்கேதான்.

அடுத்த முறை உங்கள் கட்டுரையாளர் வரும்போது ஏப்ரலில் வரச் சொல்லுங்கள். பெரிய ஓதங்கள் இங்கே காலை 7 மணியிலிருந்து நண்பகலுக்குள், அல்லது இரவு 7 மணியிலிருந்து நள்ளிரவுக்குள்தான் வரும். இரவு ஓதத்துக்கு வரட்டும். வலை போடுகிறவர்களிடம் பேசி, ஒரு மதகையும் பார்த்துவிட்டு எழுதட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
குளோஸ்டர், இங்கிலாந்து