வலது சக்கரமா, இடது சக்கரமா?

மேற்கு மாம்பலம், சென்னை
12.10.2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்குக் கடிதம் எழுத மனம் வரும் என்பது உனக்குத் தெரியும். கடந்த எட்டு மாதங்களாக என் ஞாயிற்றுக்கிழமைகள் என் வசத்தில் இல்லை. அப்பாவின் பழைய ஹெரால்டு காரை நானும் இளைய மகளுமாகப் பிரித்துப் போட்டிருக்கிறோம். நீயும் உன் மகனும் ஒரு பழைய எஸ்டி மோட்டார் சைக்கிளை வாங்கிக் கூடத்திலேயே கழற்றிப் பரப்பியிருப்பதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, "கோயம்புத்தூர்லயும் இதே கூத்துதானா?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் கார்புரேட்டர் ஒரு வாரம் குடியிருந்த கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

வண்டி 1998 முதல் வீட்டின் பக்கவாட்டு ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சக்கரம் முழுக மூழ்கியது. 2021 நவம்பரில் மாம்பலம் மறுபடியும் மிதந்தபோது அடிச்சட்டம் வரை சாக்கடைத் தண்ணீர். ஒவ்வொரு முறையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு எழும். போடாமல் இருந்ததற்குப் பாசம் காரணம் என்று சொன்னால் அது பொய். வாங்க வந்தவர் சொன்ன விலை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைத் தொடங்கியவள் மகள். தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இரும்போடு என்ன உறவு என்று நானும் கேட்டேன். வண்டியின் உள்ளே இருந்த சிறிய தகட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது மெட்ராஸ்லயே செஞ்ச காரா?" என்று வியந்தாள். அவளுக்கு வண்டலூர் என்றால் மிருகக்காட்சி சாலை. இப்போது கிளாம்பாக்கம் பேருந்து முனையம். அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது, 1961 முதல் ஹெரால்டு அங்கிருந்துதான் வந்தது, அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக நாம் வைத்திருந்த ஒரே தெரிவு அதுதான் என்றெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. டிரையம்ஃப் ஹெரால்டை பிரிட்டனில் 1959-ல் வெளியிட்டவர்கள் கடைசிவரை அதற்கு நான்கு கதவு வைக்கவே இல்லை. நான்கு கதவு ஹெரால்டு நம் ஊர்ச் சரக்கு என்று சொன்னபோது, தன் பாட்டன் சொத்தின் மதிப்பு கூடிவிட்டது போல அவள் தலையை ஆட்டினாள்.

இந்த வண்டியைக் கழற்றுவது மற்ற வண்டிகளைக் கழற்றுவது போல இல்லை. அதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. 1953-ல் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கார் உடற்கூடு நிறுவனத்தை பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) வாங்கிவிட்டது, பிரிட்டனில் டிரையம்ஃப் கார்களைச் செய்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கூடு செய்து தந்தவர்கள் இப்படிப் போட்டியாளர் கைக்குப் போகவே, முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்துத் தனி அடிச்சட்டத்தின் மேல் போல்ட்டால் பூட்டினார்கள். அன்றைக்கு அவர்களுக்கு நேர்ந்த நெருக்கடி இன்றைக்கு எங்களுக்கு வசதியாயிற்று. பானெட்டோடு இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாக ஒரே வாயாகத் திறந்துகொள்ளும். ஒரு முன்சக்கரத்தின் மேல் நான், மறுசக்கரத்தின் மேல் அவள், நடுவில் எஞ்சின். திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல வேலை செய்யலாம்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. 948 சி.சி.தான், ஆனால் 27 வருடம் அசையாத பிஸ்டனுக்கு அளவு ஒரு பொருட்டில்லை. பிளக்குகளைக் கழற்றி, நான்கு துளையிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊற வைத்தோம். பிறகு டாப் கியரில் போட்டு இருவரும் வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டினோம். பத்தாவது நாள் மாலை, கதவு தாழ்ப்பாள் விலகுவது போல ஒரு சத்தம். எதிர்வீட்டார் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அவள் கத்தினாள்.

நீங்கள் எஸ்டியில் என்ன சாவி பயன்படுத்துகிறீர்கள் என்று தெரியவில்லை. இதில் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் அதில் போய் உட்காரும், பிடித்தது போலவே இருக்கும், அழுத்தினால் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். முதல் மாதம் நான் ஆறு நட்டுகளைப் பாழாக்கினேன். ஒன்றையும் அவள் பாழாக்கவில்லை, ஏனெனில் அளந்து பார்க்காமல் எதையும் தொடுவதில்லை. இன்னொன்றையும் உன் மகனிடம் சொல். இப்போது பங்க்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறினால் உப்பிப் பிசுபிசுத்துவிடும். எங்கள் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் மூன்றே வாரத்தில் போயிற்று. டாங்க் குழாயின் வாஷர் முதல் ஹோஸ் வரை புதிதாகப் போட்டுவிடுங்கள்.

உதிரி தேடிப் புதுப்பேட்டைக்கு ஐந்து முறை போனோம். அந்தச் சந்துகளில் மலை போல் குவிந்த இரும்பில் தேவையானதைக் கண்ணாலேயே எடை போட்டு எடுத்துத் தருபவர்கள், ஹெரால்டு என்றதும் சிரித்தார்கள். "அதெல்லாம் உருக்கிட்டாங்க சார்" என்றார் ஒருவர். பேரிங்கும் ஆயில் சீலும் மட்டும் அளவு சொல்லி ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினோம். டிங்கரிங் வேலையைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்கு சக்கர சிலிண்டரும் துருவேறி இருந்ததால் எல்லாவற்றையும் மாற்றி, புதிய ஆயில் ஊற்றி, ஏர் எடுக்க வேண்டியிருந்தது. இது தனியாள் வேலையில்லை என்பது உனக்குத் தெரியும். ஒருவர் பெடலை மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றவர் அடியில் படுத்து நிப்பிளைத் திறந்து காற்றையும் ஆயிலையும் வெளியேற்றி மூட வேண்டும், அதன் பிறகே பெடலை விட வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்கினோம். அடியிலிருந்து அவள் குரல் மட்டும் வரும்: "மிதிப்பா... பிடிப்பா... விடுப்பா." நான் மூன்று முறை முந்திவிட்டேன். மூன்றாம் முறை வெளியே வந்து, முகத்தில் வழிந்த ஆயிலைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, நான் சொன்னப்புறம்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அறுபத்து மூன்று வயதில் ஒருவர் சொல்லும் வரை காத்திருக்கும் வேலையை நான் செய்தது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். என் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் அவர்களும் ஆமோதிப்பார்கள்.

பதிவு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள், பத்து வருடம் செல்லும். நம்முடையது 1969 வண்டி, தகுதி உண்டு. ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்ப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. எனக்கு அது போதும். அவளுக்கோ அலுவலகத்துக்கு ஒருநாளாவது இதில் போக வேண்டும். "பார்க்கிறதுக்கு மட்டும்னா எதுக்கு பிரேக் போட்டோம்?" என்று கேட்கிறாள்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். முன்சக்கரத்தின் கீழ்ப்பக்கம் டிரன்னியன் என்று ஒரு பாகம் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கூட்டுக்குள் முறுக்கிச் செருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழன்று சற்றே ஏறி இறங்கும். இடது பக்கத்து மரையும் வலது பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசை. மார்ச் மாதம் கிரீஸ் கன்னை எடுத்து நான் அங்கே அடிக்கப் போனபோது அவள் கையைப் பிடித்தாள். பழைய பட்டறைக் கையேட்டின் பிரதி ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்துப் படித்திருக்கிறாள். அந்த இடத்துக்குக் கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் என்று அதில் போட்டிருக்கிறதாம். அப்பா காலம் முதல் அங்கே கிரீஸ்தான் அடித்தோம், கையேடு எழுதியவனுக்கு நம் ஊர் தூசி தெரியுமா என்று நான் வாதாடினேன். அரை மணி நேரம் பேசவே இல்லை. பிறகு கழற்றிப் பார்த்தோம். கிரீஸ் மரைக்குள் இறங்கவே இல்லை. மேலே காய்ந்து கட்டியாகி வழியை அடைத்திருக்கிறது, உள்ளே தண்ணீர் புகுந்து தண்டு பாதி அரித்துப் போயிருக்கிறது. அப்படி அரித்த தண்டு ஒருநாள் மரையோடு முறியும், வண்டி அந்தப் பக்கம் மண்டியிடும், பெரும்பாலும் மெதுவாகப் போய் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது.

அவள் அதைப் படித்துக் காட்டியபோது நான் டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். 1981, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பா ஓட்ட, நான் முன்னால், நீ பின்னால். பனகல் பூங்கா அருகே நடந்து போகும் வேகத்தில் திரும்பும்போது வண்டி முழந்தாளிட்டது. அப்பா இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதல் நாள்தான் நான் வண்டியைத் தெருவோர நடைமேடையில் ஏற்றி இறக்கியிருந்தேன். "நேத்து ஏத்தினே இல்ல?" அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு அவர் இருந்தவரை ஹெரால்டின் சாவி என் கைக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை. நான்தான் உடைத்தேன் என்று நாற்பத்து நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் சிறிய நாட்குறிப்புகள் பரணில் இருக்கின்றன. பெட்ரோல் லிட்டர் கணக்கு முதல் டியூப் பஞ்சர் வரை எழுதும் பழக்கம் அவருக்கு. எடுத்துப் பார்த்தோம். மாதம் தவறாமல், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், "முன்சக்கரம் கிரீஸ்" என்று இருக்கிறது. பட்டறையில் சொன்னதை நம்பி, மற்ற யாரையும்விட ஒழுங்காக அவர் கிரீஸ் அடித்திருக்கிறார். பனகல் பூங்கா நாளின் குறிப்பில் ஒரே வரி: "முன்சக்கரம் முறிந்தது. இழுத்து வந்த கூலி 40." எந்தச் சக்கரம் என்று இல்லை. என் பெயரும் இல்லை.

மகள் தணிக்கைக்காரி ஆயிற்றே, அதோடு விடவில்லை. இரண்டு பக்கத்து டிரன்னியன்களையும் மேசையில் வைத்து மண்ணெண்ணெயில் கழுவினாள். இடது பக்கத்துக் கூட்டில் கம்பெனியின் வார்ப்பு அடையாளம் அப்படியே இருக்கிறது. வலது பக்கத்தில் அடையாளமே இல்லை; லேத்தில் கடைந்த சுவடுதான் தெரிகிறது. ஆகவே மாற்றப்பட்டது வலது பக்கம் என்கிறாள். நான் நடைமேடையில் ஏற்றியது இடது சக்கரத்தை. நம் ஊரில் வேறெப்படி ஏற்ற முடியும்? ஆனால் என் மனக்கண்ணில் வண்டி இடது பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது. அதுதான் உண்மையான ஞாபகமா, அப்பா சொன்ன பிறகு நானாகச் சாய்த்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

புதிய டிரன்னியன்கள் இங்கிலாந்திலிருந்து வந்துவிட்டன. அங்கே இன்னும் செய்து விற்கிறார்கள். சுங்க வரியைச் சொன்னால் நீ சிரிப்பாய். பொங்கலுக்குள் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்துவிடும் என்று அவள் சொல்கிறாள், நான் சித்திரை என்று சொல்கிறேன்.

நீ அன்று பின்சீட்டில் இருந்தாய். வண்டி சாய்ந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து கதவில் தோளை இடித்துக்கொண்டாய், ஒரு வாரம் வலி என்று புலம்பினாய். எந்தத் தோள்? யோசித்து, உன் மனைவியிடமும் கேட்டு, அடுத்த கடிதத்தில் எழுது. மகள் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய முன்சீட்டுக்காரன்