ஆசிரியருக்குக் கடிதம்: கணினிக்குள் குடியிருக்கும் ஒன்பது பேர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு ஊரையே கணினிக்குள் கட்டி, அரசு கொண்டுவரப்போகும் திட்டத்தை முதலில் அதில் ஓட்டிப் பார்ப்பது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் யாரும் அதிகம் எழுதாத விஷயம், சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க 'கணினி முன்கூட்டியே சொல்லிவிடும்' என்ற தொனி. கம்ப்யூட்டர் ஜோசியம் என்று தலைப்பு போட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும். எனக்குத் தெரிந்தவரை அது ஜோசியம் இல்லை, ஒத்திகை.

'முகவர்' என்ற சொல்லும் கொஞ்சம் உறுத்தியது. கட்டுரையை வாசித்துக் காட்டியபோது என் கணவர் "எந்த எல்.ஐ.சி. ஏஜென்ட்டைச் சொல்றாங்க?" என்று கேட்டார். இங்கே முகவர் என்றால் கணினிக்குள் ஆளுக்கு ஒரு பொம்மை. அதற்கு வயது, வீடு, வேலை, போகும் வழி, 'இப்படி நடந்தால் இதைச் செய்' என்று இரண்டு மூன்று விதிகள். லட்சக்கணக்கான பொம்மைகளை ஓடவிட்டு மொத்தத்தில் என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இதற்குக் கணினிகூடத் தேவையில்லை. தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1971ல் வெளியிட்ட ஆய்வைக் காசுகளை வைத்தே விளையாடிப் பார்க்கலாம் (2005ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் இவர் ஒருவர்). ஒரு மழைநாள் மத்தியானம் பேரனோடு நானும் செய்து பார்த்தேன். சதுரங்கப் பலகையில் 24 ஒரு ரூபாய் காசு, 24 புளியங்கொட்டை, மீதிக் கட்டங்கள் காலி. விதி ஒன்றுதான்: சுற்றியிருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இருந்தால் அங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் காலிக் கட்டத்துக்குக் குடிபோக வேண்டும். பக்கத்தில் எல்லோரும் தன் ஆளாகவே இருக்க வேண்டும் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை, மூன்றில் இரண்டு பங்கு வேற்றாளாக இருந்தாலும் சம்மதம்தான். ஆனாலும் அரை மணி நேரத்தில் காசு ஒரு மூலையிலும் கொட்டை ஒரு மூலையிலும் திரண்டுவிட்டன. பையன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் ஒண்ணும் தப்பா நகர்த்தலையே பாட்டி" என்றான்.

இந்த விளையாட்டு எந்த ஊரில் எந்தத் தேதியில் என்ன ஆகும் என்று சொல்லவே இல்லை. இந்த விதி இருந்தால் இப்படி ஆகலாம் என்று மட்டும் காட்டுகிறது. கட்டுரையாளர் நழுவவிட்டது இதைத்தான்.

2020 மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு இதே மாதிரி பொம்மைகளை ஓட்டிப் பார்த்து வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கோவிட்டால் பிரிட்டனில் சுமார் 5,10,000 பேரும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறக்கக்கூடும் என்ற எண்கள் உலகமெல்லாம் தலைப்புச் செய்தி ஆயின. ஆனால் அது எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல், மக்களும் பயந்து தானாகத் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் வரும் கணக்கு. அப்படி நடக்க வாய்ப்புக் குறைவு என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். தலைப்புச் செய்தியில் அந்த வரி வரவில்லை. பிறகு அவ்வளவு பேர் சாகவில்லை என்றதும் 'கணிப்பு பொய்த்தது' என்று திட்டினார்கள். இன்னொரு பக்கம், அந்தப் பொம்மைகளை ஓட்டிய கணினி நிரல் 13 வருஷத்துக்கு மேல் பழையது, விளக்கக் குறிப்புகூட இல்லாதது என்று அதை எழுதிய நீல் ஃபெர்குசனே ஒப்புக்கொண்டார். ஒரு நாட்டின் முடிவுக்குத் துணையான நிரல் அதுவரை வெளியார் பிரித்துப் பார்க்கும்படி பொதுவில் இல்லை. பிறகுதான் சீர்செய்து பொதுவில் வைத்தார்கள்.

நான் இருப்பது மும்பையில், சயானில். இங்கே நடந்தது எனக்கு இன்னும் நெருக்கம். பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் கழகம்), மும்பை டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) இரண்டும் சேர்ந்து 2020ல் இந்த இரண்டு நகரங்களையும் கணினிக்குள் கட்டின. மும்பைக்கு மட்டும் சுமார் 1.24 கோடி பொம்மைகள். லோக்கல் ரயிலை எப்போது, யாருக்குத் திறக்கலாம், ஆபீஸில் எத்தனை பேரை வரச்சொல்லலாம் என்றெல்லாம் ஓட்டிப் பார்த்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, குடிசைப் பகுதியைத் தனியாகப் பிரித்து அங்கே தொற்று வேகமாகப் பரவுவதாக வைத்தது. நகரம் முழுவதையும் ஒரே சராசரியில் போட்டிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் சுமார் 7,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது குடிசைப் பகுதியில் 57 சதவீதம் பேருக்கும் மற்ற இடங்களில் 16 சதவீதம் பேருக்கும் நோய் வந்துபோன தடயம் இருந்தது. மாதுங்காவும் சயானும் அடங்கிய எங்கள் எஃப் வடக்கு வார்டும் அதில் ஒன்று. ஒரே வார்டு, நடுவில் ஒரு ரோடுதான்.

அப்புறம் 2021 பிப்ரவரி 1 அன்று நேரக் கட்டுப்பாட்டோடு எல்லோருக்கும் ரயில் திறந்தது, ஏப்ரலில் திரும்பவும் அடைத்தார்கள். புது வகை வைரஸ் வந்துவிட்டது. முந்தின வருஷம் கட்டிய பொம்மை ஊருக்கு அது எப்படித் தெரியும்? அதற்காக நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குடிசைப் பகுதியில் கோவிட் விதிமுறைக்குக் கட்டுப்படுவோர் விகிதத்தையும் அந்தப் பொம்மை ஊரில் குறைவாக வைத்திருந்தார்கள். எண் சரியாகவே இருக்கட்டும், 'கட்டுப்படாதவர்' என்ற பெயர்தான் எனக்கு நெருடுகிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்த நான், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக முந்தின வருஷமே சயான் கோலிவாடாவில் வீட்டுப் பட்டியல் எடுக்கப் போனேன். பத்துக்குப் பத்து அறை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். படிவத்தில் எழுதினேன்: ஆட்கள் 9, அறை 1, மணமான தம்பதிகள் 2, கழிப்பறை பொது. "ஒன்பது பேரும் இங்கயா தூங்குறீங்க?" என்று கேட்டேன். "எங்க டீச்சர் இடம்? ரெண்டு பேரு நைட் ஷிப்ட்டு. மூணு பேரு சந்துல கட்டில் போட்டுக்குவாங்க. மழை வந்தா எல்லாரும் உட்கார்ந்தே விடிஞ்சிரும்" என்றார் அந்த அம்மா. சந்துக்கும் கட்டிலுக்கும் என் படிவத்தில் கட்டம் இல்லை. கணினிக்குள் கட்டிய ஊரில் அந்த ஒன்பது பேரும் ராத்திரி ஒழுங்காக வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார்கள். காலையில் கழிப்பறை வரிசையில் நாற்பது பேரோடு நிற்கும் அந்த அம்மாவிடம் 'ஆறடி தள்ளி நில்' என்றால் அவர் எங்கே போய் நிற்பார்? இடமில்லாததை 'கட்டுப்படவில்லை' என்று கணக்கெழுதினால், போலீஸை அனுப்பு என்ற யோசனைதான் அடுத்து வரும். தற்காலிகக் கழிப்பறை பத்து கட்டு என்று யாருக்கும் தோன்றாது.

இன்னொன்று. 2021ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ வைத்துத்தான் இனி எண்ணப்போகிறார்கள். அதாவது இன்றைக்கு இந்தியாவில் யார் இப்படி ஒரு ஊர் கட்டினாலும், மக்கள்தொகைக் கணக்குக்கு அதன் அடித்தளம் நானும் என்னைப் போன்ற டீச்சர்களும் 2010, 2011ல் எழுதிய படிவங்கள்தான். நான் அன்று எழுதிய வீட்டுப் பையன்களுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கும்.

ரயில் கட்டணமோ ரேஷனோ குடிசை மாற்றோ, எதையாவது இப்படி ஓட்டிப் பார்த்தோம் என்று எந்த அரசாவது சொன்னால், முடிவை அச்சிடும் முன் பொம்மைகளுக்குக் கொடுத்த விதிகளைக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். சாதாரணத் தமிழில், ஒரு பக்கம் போதும். எங்கள் சந்துப் பெண்கள் மாலை நாலு மணிக்குத் தண்ணீர்க் குழாய் பக்கம் கூடுவார்கள். உங்கள் கட்டுரையாளர் அனுப்பிவைத்தால் நானே கொண்டுபோய் வாசித்துக் காட்டி, அவர்கள் 'இது இல்லை' என்று சொல்லும் வரிகளை அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சயான், மும்பை – 22