ஒளிரும் நானோ துகள் கிட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

யூரோப்பியம் என்ற தனிமம் சேர்ந்த ஒளிரும் துகள்கள் கொண்ட உங்கள் சோதனை ஸ்ட்ரிப்புகளை நம்பித்தான் ஆய்வகங்களில் ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), ட்ரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டுவது) பார்க்கிறோம். நல்ல நுட்பம் இது. 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டால் துகள் 615 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. அந்த ஒளி நூற்றுக்கணக்கான மைக்ரோ வினாடி நிற்கிறது. சீரமும் ஸ்ட்ரிப்பின் நைட்ரோசெல்லுலோஸ் தாளும் தாமாக விடும் ஒளியோ நானோ வினாடிகளில் அணைந்துவிடும். கொஞ்சம் பொறுத்து அளக்கும் ரீடருக்குத் துகளின் ஒளி மட்டுமே மிஞ்சும்.

ஆனால் மாதிரியில் நாம் அளக்கும் புரதம் அளவுக்கு மீறி இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பல கையேடுகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடிகள் துகளிலும் உண்டு, ஸ்ட்ரிப்பின் டெஸ்ட் கோட்டிலும் உண்டு; புரதம் இரண்டுக்கும் பாலமானால்தான் துகள் கோட்டில் தங்கி ஒளிரும். புரதம் மிகுந்தால் துகளில் உள்ள ஆன்டிபாடிகளும் கோட்டில் உள்ளவையும் தனித்தனியே நிரம்பிவிடுகின்றன. துகளைக் கோட்டோடு இணைக்கப் பாலம் அமைவதில்லை, ஒளி குறைகிறது. சோதனை ஓடியதைக் காட்டும் கன்ட்ரோல் கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். கடுமையான தொற்று உள்ளவருக்கு மிதமான சி.ஆர்.பி. என்று ரிப்போர்ட் போய்விடும்! இந்த ஹூக் எஃபெக்ட் எந்தச் செறிவில் தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு லாட்டுக்கும் (தயாரிப்புத் தொகுதிக்கும்) எண்ணாகவே அச்சிடுங்கள். சந்தேகம் வந்தால் மாதிரியைப் 10 மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுகிறோம். வந்த அளவை 10-ஆல் பெருக்கினால் முதல் அளவை விடப் பல மடங்கு ஏறுகிறது என்றால் ஹூக்தான். நீர்க்கச் செய்ய எந்த பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) ஏற்றது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெறும் சலைன் (உப்புக் கரைசல்) சேர்த்தால் ஸ்ட்ரிப்பில் மாதிரியின் ஓட்டமே மாறிவிடலாம்.

அடுத்தது துகள் தயாரிப்பு. ஈ.டி.சி. என்ற இணைப்பு வேதிப்பொருள் போட்டு ஆன்டிபாடியைத் துகளோடு பிணைக்கும் கட்டத்தில் ட்ரிஸ், கிளைசின் போன்ற அமீன் பஃபர் சிறிதளவு தங்கினாலும் ஆன்டிபாடியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். சரியாகக் கழுவாவிட்டால், ஒட்டாத ஆன்டிபாடி மிதந்து புரதத்தைத் தானே பற்றிக்கொண்டு ஒளியைக் குறைக்கும். ஆகவே கழுவிய பின் எஞ்சிய ஆன்டிபாடி அளவையும், துகளின் சராசரி விட்டத்தையும் லாட் சான்றிதழில் காட்டுங்கள்.

டெஸ்ட் கோடு, பயோட்டின் என்ற வைட்டமினுக்கும் அதைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்கும் இடையிலான பிணைப்பில் அமைந்ததா என்பதையும் எழுதுங்கள். அப்படியானால் முடி, நகத்துக்கென பயோட்டின் மாத்திரை எடுப்பவரின் ரத்தத்தில் உள்ள பயோட்டின் அந்தப் பிணைப்பைத் தடுத்து ட்ரோபோனினைக் குறைவாகக் காட்டக்கூடும்; மாதிரி எடுக்கும்போதே கேட்டுவிடுவோம்.

கடைசியாக, குப்பியில் திரவமாக வரும் துகளை ஐஸ் பேக்கோடு ஒட்டி அனுப்பாதீர்கள். ஒருமுறை உறைந்தால் துகள்கள் திரண்டுவிடும், எவ்வளவு குலுக்கினாலும் பிரியாது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவும் என்பதோடு, "உறைந்திருந்தால் பயன்படுத்த வேண்டாம்" என்று பெட்டியின் மேலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர்கள்