ஒன்பது படகுகளுக்கும் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஒன்பது படகுகளும் டிரெய்லரில் ஏறி அவரவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. வந்த இருபத்தொரு பேரும் நலம். ஆற்றில் இறங்கிக் கழிமுகம் வரை ஆறு நாள் பாய்மரப் படகுகளில் போன இந்தப் பயணத்தை ஒருங்கிணைத்தவன் என்று எனக்கு நிறையப் பாராட்டு வந்துகொண்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு உங்களுடையது. யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல் பொதுவாக ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. நான் போட்டிருந்த கணக்கு நாளுக்கு 25 கடல் மைல். 4 நாட் வேகம் (மணிக்கு 4 கடல் மைல்), ஆறேகால் மணி நேரம், சரியாகத்தான் வருகிறது என்று நினைத்தேன். நீங்கள் வரைபடத்தை மேஜையில் விரித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: "இந்த ஒன்பதில் ரொம்ப மெதுவான படகு எது தம்பி?" நீர்மட்டத்தில் 14 அடி நீளமுள்ள படகு அது. படகு ஓட ஓடத் தன் முன்னால் தானே ஓர் அலையை எழுப்பிக்கொள்கிறது. நீளம் குறைந்த படகால் அந்த அலையை ஏறித் தாண்ட முடியாது. அதனால் 14 அடிப் படகுக்கு உச்ச வேகமே சுமார் 5 நாட்தான், அதுவும் நல்ல காற்றில். ஆறு நாள் சாமானை ஏற்றிக்கொண்டு, எதிர்க்காற்றில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மாறி மாறிப் போனால், நேர்க்கோட்டில் 2 நாட் தேறுவதே பெரிது என்றீர்கள். 25 என்பதை அடித்துவிட்டு 12 என்று எழுதினீர்கள். நான்காம் நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டீர்கள். "ஒரு நாள் சும்மா கிடக்கட்டும், காற்று கேட்கும்" என்றீர்கள். நான்காம் நாள் காலை காற்று, அதன் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6-ஐத் தொட்டது, அதாவது 22 முதல் 27 நாட். எங்களுக்கு எங்கேயும் போக வேண்டிய அவசியம் இல்லை. படகுகளைக் கரையோரம் கட்டிவிட்டு நாள் முழுக்கத் தூங்கினோம்.

ஒவ்வொரு நாள் பாதைக்கும் நடுவில் படகை வெளியே எடுக்க ஒரு சாய்தளத்தைக் குறித்துக் கொடுத்ததும் நீங்கள்தான். டிரெய்லரில் ஏறும் படகுக்கு இருக்கிற பெரிய வசதியே அதுதான். பாதியில் நிறுத்த வழி இருந்தால், முடியவில்லை என்று சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது. முதல் நாள் மதியமே அது பயன்பட்டது. சுக்கான் மாட்டும் இரும்பில் விரிசல் கண்டதும் அண்ணா, நீங்கள் ஒரு வார்த்தை வாதம் பண்ணாமல் "நான் கரை ஏறிக்கொள்கிறேன், நீங்கள் போங்க" என்றீர்கள். மாதக்கணக்கில் தயாரானவர் நீங்கள். அதோடு வீட்டுக்கும் போய்விடவில்லை. மீதி ஐந்து நாளும் கரையில் எங்கள் வண்டிகளோடு வந்தீர்கள். இதை நான் மறக்க மாட்டேன்.

வண்டி என்றதும் டிரெய்லர் ஓட்டிய தம்பிகளைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். ஆற்றுப் பயணம் ஒருவழிப் பயணம். இறங்கும் இடம் வேறு, ஏறும் இடம் வேறு. படகுகளை இறக்கிய பிறகு ஒன்பது வண்டிகளையும் டிரெய்லர்களையும் முடிவிடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எல்லோரையும் ஒரே வேனில் திரும்ப அழைத்து வர வேண்டும். தண்ணீரில் கால் நனைக்காமல் இதற்காக மட்டும் வந்தவர்கள் நான்கு பேர். ஒரு படத்தில்கூட அவர்கள் இல்லை.

அவர்களில் இளையவன் செய்த ஒரு காரியத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, ஒவ்வொரு டிரெய்லர் சக்கரத்தின் நடுக்குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். ஐந்தாவது டிரெய்லரில் கையைச் சட்டென்று எடுத்தான். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கிரீஸை இரண்டு விரலில் தேய்த்துக் காட்டினான். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஓடிச் சூடான குடத்தை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாய்தளத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும் என்றான். மாற்றுப் பேரிங்கும் கிரீஸும் அவன் பையிலேயே இருந்தன. அவன் மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தப் படகு நெடுஞ்சாலை ஓரத்தில்தான் கிடந்திருக்கும்.

பாய்மர உயரங்களை டேப் வைத்து அளந்த மாமாவுக்கு நன்றி. நாங்கள் மரத்தின் உயரத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தோம். உச்சியில் இருக்கும் ரேடியோ ஆன்டெனாவையும் சேர்த்து, தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும் என்று திரும்ப அளக்க வைத்தீர்கள். மழையில் ஆறு ஏறினால் பாலத்துக்கு அடியில் இடம் அந்த அளவுக்குக் குறையும் என்பதையும் நினைவுபடுத்தினீர்கள். சாய்தளத்துக்கு மேலே மின்கம்பி போன இடத்தில் நீங்களே போய் நின்றுகொண்டு ஒருவரையும் மரம் தூக்க விடவில்லை. அலுமினிய மரம் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் தாவும். எட்டு பேர் பொறுமை இழந்து நின்றபோதும் நீங்கள் அசையவில்லை.

நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளைக் கடக்கவிடும் லாக் மதகில் எட்டுப் படகையும் ஒரே தடவையில் ஏற்றி இறக்கிய ஊழியருக்கும், வளைவுக்கு முன்னாலேயே ரேடியோவில் கூப்பிட்டு எந்தப் பக்கம் வருகிறார் என்று சொன்ன சரக்குப் படகு மாலுமிக்கும் நன்றி. குறுகிய கால்வாயில் அவர் வழியை மறிக்காமல் ஒதுங்க வேண்டியது நாங்கள்தான். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் ஒன்பதாவது விதி அது. ஆழம் வெளிவளைவில் இருக்கிறது, சுமையேற்றிய படகுக்கு அது வேண்டும். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் எங்களுக்கு ஓரடித் தண்ணீர் போதும். அவர் சொன்னதால் நேரத்தோடு உள்வளைவில் ஒதுங்கி நின்றோம்.

அப்புறம், கடைசிப் படகு. பின்னால் வருவதற்கு யார் தயார் என்று கேட்டபோது நீங்கள் இருவரும்தான் கை தூக்கினீர்கள். ஐந்தாம் நாள், கடல் நீர் ஏறி வற்றும் ஓதப் பகுதியில் நான் அரை மணி நேரம் தாமதமாகக் கிளப்பிவிட்டேன். வற்றும் நீர் ஒரே சீராக இறங்காது. ஆறு மணி நேரத்தில் மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் 1, 2, 3, 3, 2, 1 என்று போகும்; நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி போய்விடும். மூன்றாம் மணி நேரத்தின் முடிவில் ஒரு படகு மணல் திட்டில் அமர்ந்தது. நடுப்பலகையைத் தூக்கித் தள்ளிப் பார்ப்பதற்குள் சுற்றிலும் மணல் தெரிய ஆரம்பித்தது. கீழ்மட்டம் வர மூன்று மணி நேரம், பழைய உயரத்துக்குத் திரும்ப இன்னும் மூன்று. அந்த ஆறு மணி நேரமும் ஆழமான இடத்தில் நங்கூரமிட்டு நீங்கள் கூடவே இருந்தீர்கள். மணிக்கொரு முறை ரேடியோவில் "இருக்கிறோம், நலம்" என்ற குரல் வந்தது. இருட்டிய பிறகு தண்ணீர் ஏறியதும் மஞ்சள் கயிற்றைக் கட்டி இழுத்து வந்தீர்கள். முன்னால் கரை சேர்ந்த எங்களில் ஒருவரும் அதுவரை சாப்பிடவில்லை.

அன்று இரவு அம்மாவும் தூங்கவில்லை. ஒவ்வொரு படகின் நிறம், பாயின் எண், ஆட்களின் எண்ணிக்கை, அன்றைய முடிவிடம் எல்லாம் எழுதிய காகிதம் உங்களிடம்தான் இருந்தது. மாலை 7 மணிக்குச் செய்தி வர வேண்டும், 9 மணிக்குள் வராவிட்டால் மீட்புப் படைக்குச் சொல்ல வேண்டும் என்று பேசியிருந்தோம். 7 மணிக்கு நான் "ஏழு வந்தாச்சு, ஒன்று திட்டில், ஒன்று துணைக்கு" என்று தவறாகச் சொன்னபோது, "மொத்தம் எட்டுதானே, திரும்ப எண்ணு" என்றீர்கள் அம்மா. எண்ணினேன். கரையில் ஆறு, தண்ணீரில் இரண்டு. அந்த ஒரு திருத்தம் உங்கள் கையில் காகிதம் இருந்ததால் நடந்தது.

மஞ்சள் கயிறு என்னிடம் இருக்கிறது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
பச்சைப் படகுக்காரன்