ஐயைக்கு ஒரு முகம்

அன்பு மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய ஐயையின் உருவத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலப்பதிகாரத்தில் எத்தனையோ பேர் இருக்க, மதுரையில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் அடைக்கலம் தந்த இடைச்சேரி மாதரியின் மகளை உன் சித்திரக்கதையின் நாயகியாக்கத் துணிந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அந்த முத்தாரமும் இடுப்புக் குறுவாளும் அவளுக்கு வேண்டாம், அம்மா. இளங்கோவடிகள் அவளைப் பற்றிச் சொல்லியிருப்பது கொஞ்சம்தான் என்றாலும், அவள் உருவத்துக்கு அதுவே போதும்.

கொலைக்களக் காதையில், பழக்கமில்லாத கையால் காய் அரிந்து விரல் சிவந்து, முகம் வியர்த்து நிற்கும் கண்ணகிக்கு வைக்கோலிட்டு அடுப்பு மூட்டித் தருபவள் ஐயை. ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தில், அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை அன்று தங்களுடையது என்பதால், கடைகயிறும் மத்தும் எடுத்துக்கொண்டு மாதரி அழைப்பதும் அவளைத்தான். ஆகவே முதலில் கைகளை வரை. நாள்தோறும் கயிறு இழுத்துக் காய்ப்பேறிய அவளுடைய உள்ளங்கையும் கண்ணகியின் சிவந்த விரல்களும் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து வந்தால், இருவரும் வளர்ந்த வீடுகளை விளக்க உனக்கு வேறு வசனமே தேவைப்படாது. செம்மண் பூசிய அந்தச் சிறு வீட்டின் நிறத்தையும் பின்னணியில் விட்டுவிடாதே.

அவளுக்கு நீ எழுதியிருக்கும் காதல் கதையைவிட வலுவான கதை நூலிலேயே இருக்கிறது. அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி நள்ளிரவில் தீப்புகுந்தாள். கண்ணகியின் துயரை ஊரே அறியும். அந்தத் துயரின் ஓரத்தில் தாயை இழந்து நின்ற இந்தப் பெண்ணை யார் தேற்றினார்கள்? பிறகு, புகாரிலிருந்து வந்த கண்ணகியின் தோழி தேவந்தி, கண்ணகியை வளர்த்த செவிலி, அவளுடைய இன்னொரு தோழி ஆகியோருடன் சேர்ந்து, வைகைக் கரைவழியே நடந்து மலையேறி, ஐயை கண்ணகியின் கோயிலுக்குச் செல்கிறாள். அந்தப் பயணம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. உன் கதைக்கு இடம் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாழ்த்துக் காதையில் மற்ற மூவரும் அரற்றுகிறார்கள். இன்னும் மணமாகாத ஐயையைத் தேவந்தி சுட்டிக்காட்டி, மாதரியையே மாமி என்று குறித்து, “மாமி மடமகளைக் கண்டாயோ தோழீ” என்று கண்ணகியிடம் கேட்கிறாள். ஐயைக்கு அங்கே சொந்தமாக ஒரு வரியும் இல்லை. பாண்டியனிடம் நீதி கேட்டவள் தெய்வமாக எதிரே நிற்கும்போது, “என் தாய் என்ன பிழை செய்தாள்?” என்று கேட்கும் உரிமை இவளுக்கும் உண்டல்லவா? அந்தக் கேள்வியை அவள் கேட்கட்டும். கண்ணகி என்ன விடை சொல்வாள் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அதில் நான் தலையிட மாட்டேன். அந்தப் பக்கத்தை வரைந்ததும், வண்ணம் தீட்டாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா