1966இல் வராதவர்கள்

அன்புள்ள சேகர்,

ஏழு மாதம் பதில் எழுதாதவனுக்கு நலம் விசாரிக்கும் உரிமை கிடையாது என்பாய். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். இங்கு எல்லோரும் சுகம். நான் எழுதாமலிருந்ததற்குச் சோம்பல் பாதிக் காரணம். உன் கேள்வி மீதிக் காரணம்.

ஸ்பெயினின் வலென்சியா மைதானத்தில் ரியல் மாட்ரிட் அணியின் கறுப்பின வீரர் வினிசியஸ் ஜூனியரைக் குரங்கு என்று இழித்தவர்களில் மூவருக்கு 2024 ஜூனில் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைச் சுட்டி, "இன்னும் என்னதான் வேண்டும் உனக்கு?" என்று கேட்டிருந்தாய். கால்பந்து மைதானத்து இனவெறிக்கு ஸ்பெயினில் வழங்கப்பட்ட முதல் தண்டனை அது என்பதால் நானும் மகிழ்ந்தேன். ஆனால் குற்றவாளி எப்போதும் பார்வையாளர் வரிசையில் மட்டுமே தேடப்படுகிறான். போட்டியை நடத்துகிறவர்கள் பதாகை பிடித்துக்கொண்டு நல்லவர்களாகிவிடுகிறார்கள். உலகக் கால்பந்தை நடத்தும் அமைப்பான ஃபிபா 2013இல் இனவெறிக்கு எதிராகப் பணிக்குழு ஒன்றை அமைத்து, 2016இல் பணி முடிந்துவிட்டதென்று அதைக் கலைத்தது. நம் மாதவ மேஸ்திரிகூடச் சுண்ணாம்பு காய்ந்த பிறகுதான் கூலி கேட்பார்.

இதை யோசிக்கும்போதெல்லாம் என் மனம் 1966க்கே போகிறது. அந்த உலகக் கோப்பையின் 16 இடங்களில் ஐரோப்பாவுக்குப் பத்து. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அதற்கு முன்பே, 1963இல், தலைவர் ஸ்டான்லி ரூஸ் நேரில் போய்ப் பார்த்து வந்தபின், நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் மீதிருந்த தடையை ஃபிபா நீக்கியது. மறு ஆண்டே அதைத் திரும்ப விதிக்க நேர்ந்தது. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த ஆப்பிரிக்க நாடுகள், கானாவின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஓஹேனே ஜான் முன்னின்று குரல் கொடுக்க, தகுதிச்சுற்றுக்கே வரமாட்டோமென்று விலகிக்கொண்டன. கானா அணி 1963இலும் 1965இலும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற அணி என்பதை நினைத்துப் பார். அந்த ஆட்டக்காரர்களுக்கு உலகக் கோப்பை கிட்டவேயில்லை. அவர்கள் நாடு முதன்முதலாக அங்கே ஆடியது 2006இல்தான்.

இன்னொன்றைக் கேள். எஞ்சிய அந்த ஓரிடத்தில் வந்து ஆடிய வட கொரியாவைக் காலிறுதியில் நான்கு கோல் அடித்து வீழ்த்தியவர் எசேபியோ. மொசாம்பிக்கில் பிறந்த அவரே அந்தக் கோப்பையில் மிகுதியான கோல் அடித்தவரும் ஆவார். ஆப்பிரிக்க நாடு ஒன்றுகூட இல்லாத கோப்பையின் பெரும் வீரர், தாம் பிறந்த மண்ணின் விடுதலைப் போராளிகளோடு அப்போது போரிட்டுக்கொண்டிருந்த போர்ச்சுகலின் சட்டையை அணிந்து ஆடினார். அவரைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் காலனியின் திறமைக்கு வாசல் திறந்திருந்ததும், காலனியிலிருந்து விடுபட்ட நாட்டுக்கு அடைத்திருந்ததும் எனக்கு இன்றும் மார்பில் குத்துகிறது.

புறக்கணிப்பு பலித்தது. 1970இல் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் கிடைத்தது, மொராக்கோ போனது. 1974இல் ஃபிபா தலைவர் தேர்தலில் ஆப்பிரிக்க வாக்குகளின் துணையோடு பிரேசிலின் அவெலான்ஷ் ரூஸைத் தோற்கடித்தார். (அவெலான்ஷின் கை பின்னாளில் எவ்வளவு அழுக்கானது என்பதை நீ எடுத்துக்காட்டுமுன் நானே ஒப்புக்கொள்கிறேன்.)

இடம் கிடைத்தால் வசை நின்றுவிடுமா என்பாய். நிற்காது. ஆனால் இருக்கையை யார் பங்கிடுகிறார்கள் என்று அன்று கேட்டவர்களின் கேள்வியை இன்றைய பதாகைகள் கேட்பதில்லை. ஐரோப்பாவில் 55 உறுப்பு நாடுகள், ஆப்பிரிக்காவில் 54. 2026 கோப்பைக்கு நேரடியாக ஒதுக்கப்பட்ட இடங்கள் ஐரோப்பாவுக்கு 16, ஆப்பிரிக்காவுக்கு ஒன்பது.

1990 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தின் லினேக்கர் அடித்த இரண்டு பெனால்டிகளால் கேமரூன் ஏமாற்றப்பட்டதென்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகிறாய். அந்தக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கு இரண்டே இடங்கள், ஐரோப்பாவுக்குப் பதினான்கு. அதையும் உன் வழக்கில் சேர்த்துக்கொள். பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் என் குடையைக் கொண்டுவா.

உன்,
ராஜு