பலகையோடு நேரமும் வேண்டும்

சிபிஎஸ்இ பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைத்து, குளிர்பானத்திலும் நொறுக்குத் தீனியிலும் உள்ள சர்க்கரையின் அளவை மாணவர்களுக்கு உணர்த்த வேண்டும் என்று 2025 மே மாதம் வாரியம் பிறப்பித்த உத்தரவு குறித்த கட்டுரையை வாசித்தேன். மிகவும் வரவேற்கிறேன். ஆனால் டிபன் பாக்ஸில் எது போகிறது என்பதைப் பலகையைவிட மதிய இடைவேளையின் நீளமே தீர்மானிக்கிறது. என் மகள் படிக்கும் பள்ளியில் இடைவேளை 20 நிமிடம். கை கழுவும் வரிசையிலேயே பாதி போய்விடுகிறது. கீரை சாதமும் அவரைக்காய்ப் பொரியலும் வைத்தால் பாதி திரும்பி வருகிறது. ஜாம் தடவிய பிரெட் மட்டும் மிச்சமின்றித் தீர்ந்துவிடுகிறது. ருசி மட்டுமே காரணமல்ல. வீட்டில் அதே பொரியலை அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கிறாள். மென்று தின்ன வேண்டிய உணவுக்கு அவகாசம் வேண்டும். சிறு குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

அவசரமாக விழுங்க வைத்துவிட்டு ஆரோக்கிய உணவு பற்றிப் பாடம் நடத்துவது குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி. தொடக்க வகுப்புகளுக்காவது, விளையாட்டு நேரம் நீங்கலாக, உணவுக்கென்றே 40 நிமிடம் ஒதுக்குமாறு வாரியம் உத்தரவிட வேண்டும். கை கழுவும் குழாய்களின் எண்ணிக்கையையும் பள்ளிகள் கூட்ட வேண்டும்.

– ஒரு தாய், திருச்சி